சுமைச் சோதனை

சனிக்கிழமை. கொம்பனித்தெருவில் ஏழாம் மாடி.
ஏசியை யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.
அறுபது பழைய போன்களை மேசைகளில் பரப்பி
ஒவ்வொன்றாய் எழுப்பினோம், நானும் இம்தாதும்.
கூரையில் ஒன்பது வெள்ளைத் தட்டுகள்,
ஒவ்வொன்றிலும் நீலப் பொட்டாய் ஒரு வெளிச்சம்.

"அடி" என்றேன்.
அறுபதும் ஒரேயடியாய் ஒரே கோப்பை இழுத்தன.
வலை அசையவில்லை.
பதினொரு மில்லிசெக்கன். பதின்மூன்று. பதினொன்று.
கடைசி மூலைக் கண்ணாடி அறையில்கூட
சிக்னல் மைனஸ் அறுபதைத் தாண்டி இறங்கவில்லை.
இம்தாத் கைதட்டினான்.

பொய் என்று எனக்குத் தெரியும்.
போன திங்கள் காலை பத்து மணிக்கு
இதே வலை மூச்சுத் திணறிச் செத்ததைப் பார்த்தவள் நான்.
முகாமையாளர் லக்சிறி
லப்டொப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
வெள்ளத்தில் பிள்ளையோடு கரை தேடுகிறவர் மாதிரி
கொரிடோரில் நடந்ததையும்.

போனுக்கு உடம்பில்லை.
ஆள் என்றால் பாதிக்குமேல் தண்ணீர்,
அலையைக் குடித்துவிட்டுப்
பேசாமல் இருக்கிற தண்ணீர்.
வெறுங்கதிரைகளை வைத்து
ஒரு கந்தோரை அளக்க ஏலாது.

"ஆக்கள் வேணும்."
இம்தாத் படியிறங்கிப் போனான்.

முதலில் வாசல் காவல் சேனாதீர, தொப்பியோடு.
துப்புரவுக்காரர் ஏழு பேர், ஈரக் கைகளோடு.
கொத்துக்கடைப் பெடியன்கள், முட்டை மணக்க.
அடுத்த கட்டடத்தில் ஓடு பதிக்கிற மேசன்மார்.
ஒரு த்ரீவீல்காரர். அவருடைய மச்சான்.
வேண்டாமென்று சொல்லியும்
லிப்ட் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள்.
தலைக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு பிளேன்ரீயும்.
"கணக்கில உபகரணம் எண்டு போடுவம்" என்றான் இம்தாத்.

கடவுச்சொல்லை வெள்ளைப் பலகையில் எழுதினேன்.
மூன்று வருஷமாய் அந்தப் பலகையைத் துடைக்கிற சௌந்தரி அக்கா
நிதிப் பிரிவின் சுழல்கதிரையில் இருந்து
எழுத்தெழுத்தாய் வாசித்தாள்.
"இவ்வளவு தானா?"

படம் பாருங்கோ, பாட்டுப் போடுங்கோ,
ஆரோடையாவது கதையுங்கோ என்றேன்.

இருபது பேர்: பத்தொன்பது மில்லிசெக்கன்.
முப்பது: அறுபத்துநாலு.
சிங்களத்தில் சிரிப்பு, தமிழில் ஒரு கடன் விசாரிப்பு,
யாரோ சாப்பாட்டறை மைக்ரோவேவில்
பொல்ரொட்டி சூடாக்க
ஒரு மூலை முழுக்கத் தடுமாறித் தேறியது.
நாற்பது: இருநூற்றுப் பன்னிரண்டு.

சௌந்தரி அக்கா குவைத்தில் மகளைப் பிடித்திருந்தாள்.
போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்:
கதிரையை, யன்னலை, யன்னலுக்குக் கீழே
பச்சையாய்க் கிடக்கிற பேரே வாவியை.
"இஞ்ச பாரு, நான் இருக்கிற எடத்த."

நாற்பத்திரண்டு.
நாற்பத்துமூன்றாவதாய்
த்ரீவீல்காரரின் மச்சான் கிரிக்கெட் போட்டான்.

குவைத்தில் ஒரு முகம் உறைந்தது,
வாய் பாதி திறந்தபடி,
'அம்' என்பதற்கும் 'மா' என்பதற்கும் நடுவில்.

அறிக்கையில் எழுதினேன்:
நாற்பத்துமூன்று பேரில் இணைப்பு முறிகிறது.
கண்ணாடி அறைப் பக்கம் இன்னும் இரண்டு தட்டுகள் தேவை.
துறைமுக ராடார் குறுக்கிடும் அலைவரிசைகளைத் தவிர்க்கவும்.

அவள் கேட்டதை எழுதவில்லை:
"நான் என்னமும் பிழையா அமத்திட்டேனா, மிஸ்?"

இல்லை அக்கா. முறிய வேணும் எண்டுதான்
உங்கள எல்லாம் கூப்பிட்டது.
இதை எப்படிச் சொல்வது?
தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றேன்.

ஐந்து மணிக்குக் கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்று உத்தரவு.
இப்போது ஆறு இருபது.
காலி ரயில் நெரிசலோடு கீழே போகிறது.
போன்களைப் பெட்டியில் அடுக்கியாயிற்று.
பட்டியலில் இன்னும் ஒரேயொரு சாதனம்,
படிக்கட்டின் இருட்டுப் பக்கம்,
மைனஸ் எழுபத்தொன்பது. தாங்கும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு
அந்தப் பக்கமாய் நடக்கப்போனான் இம்தாத்.
நில், என்றேன்.
கொஞ்சம் நில்லடா.
நீயும் தண்ணீர்.