நான்காம் பிணம்

முதல் அங்கத்தில் நான் இரண்டாம் கொம்பு ஊதுகிறேன்.
இரண்டாம் அங்கத்தில் செத்துப்போகிறேன்.
மீதி நாற்பது நிமிடம்
பள்ளி ஜிம்மின் தரையில்
கூடைப்பந்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தலை,
அந்தப் பக்கம் கால்.
எவனோ துப்பிய சூயிங்கம்
என் காதருகே கல்லாகிக் கிடக்கிறது.

பகலில் விமான ஓடுபாதையில் பனி தள்ளுகிறவன்.
நடிப்பு வராது. அதனால்தான் பிணம் என்றாள் டார்காஸ்,
நாடகத்தை எழுதியவள்,
லாப்ரடார் கரை முழுக்க அலைந்து
கல்லறைப் பதிவேடுகளைப் புரட்டியவள்.
'மூச்சை மட்டும் பார்த்துக்கொள், ரெனாட்டஸ்.
வயிறு ஏறி இறங்கினால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும்.'

கதை எங்களுக்குப் புதிதல்ல.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு.
கடல் உறையுமுன் வந்த கடைசிக் கப்பல்.
மாவு, மண்ணெண்ணெய், கடிதங்கள்,
ஒரு மாலுமியின் இருமல்.
ஊரே கூடிப் பெட்டி இறக்கியது.
தேவாலயக் கூரையேறி
பித்தளை ஊதி வரவேற்றது எங்கள் ஆட்கள்தான்.

அந்தப் பாட்டை ஊதுகிறோம், ஒன்பது பேர்.
பிறகு எட்டு. பிறகு ஐந்து.
எஃப்ராயிம் இசையில் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை;
ஆட்களை மட்டும் எடுத்தான்.
கடைசியில் மிஞ்சுவது டியூபா.
மெட்டு போய்விட்டது, அடிக்குரல் மட்டும்
பும், பும் என்று,
இழுக்க நாயில்லாத சறுக்குவண்டி போல.

அதற்குப் பின் நாய்கள் வரவேண்டிய இடம்.
ஆள் எழாத வீடுகளில்
அந்தப் பசித்த நாய்கள் செய்ததை
டார்காஸ் நாலு பக்கம் எழுதியிருந்தாள்.
ஒத்திகையில் ஒருவராலும் படிக்க முடியவில்லை.
கிழிக்கவும் கை வரவில்லை.
எஃப்ராயிம் பென்சிலை எடுத்து
நாலு பக்கத்தின் மேலும் குறுக்கே எழுதினான்:
எட்டு ஆவர்த்தனம், மௌனம்.
கோலைத் தூக்கி எண்ணுவான். யாரும் ஊதமாட்டார்கள்.
உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்
அந்த எட்டுக்குள் எது ஓடுகிறது என்று.

நேற்று முதல் ஆட்டம்.
மூன்றாம் ஆவர்த்தனத்தில்
போர்வையின் கம்பளி இழை ஒன்று
தொண்டைக்குள் நெளிந்தது.
நாலு: விழுங்கினேன்.
ஐந்து: பனி தள்ளும் வண்டியை நினைத்தேன்,
அதன் அகலமான, நிதானமான தகட்டை.
கண்ணோரம் நீர் கட்டியது.
ஆறு:
இருமிவிட்டேன்.

செருமல் இல்லை. கதவை உதைத்துத் திறக்கிற இருமல்.
நூற்றிருபது நாற்காலிகளில் ஒன்றும் கிறீச்சிடவில்லை.
முன்வரிசையில் ஒரு கை தானாக எழுந்து மூக்கை மூடியது;
சமீபத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை.
டியூபா பிலிப்பஸ் என்னைப் பார்த்த பார்வைக்கு
நான் நிஜமாகவே செத்திருக்கலாம்.

பெனிக்னாவுக்கு ஒன்பது வயது.
நாடகத்தில் பிழைக்கிறவள் அவள் ஒருத்தி.
அந்த இடத்தில் அவள் செய்யவேண்டியது
அடுப்போரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது.
எழுந்தாள்.
பஞ்சைப் பனியாக அடைத்த தகரக் குவளையோடு
முதல் பிணத்தைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி,
மூன்றாவதாகக் கிடந்த சொந்த மாமனையும் தாண்டி
என்னிடம் வந்து
உதட்டில் வைத்தாள்.
பஞ்சு. குடித்தேன்.
வேறென்ன செய்ய?
'இன்னும் வேணுமா?' என்றாள், எங்கள் மொழியில்.
பிரதியில் இல்லாத வரி.

எஃப்ராயிமின் கோல் மேலேயே நின்றது.
எட்டு பதினாலாயிற்று, இருபதாயிற்று.
எண்ணுவதையே விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.
நான் மறுபடி சாகவேண்டியிருந்தது.
முதல் தடவையைவிடக் கஷ்டம்,
குவளையோடு ஒருத்தி பக்கத்திலேயே குந்தியிருக்கையில்.

ஆட்டம் முடிந்து டார்காஸ் பிரதியோடு வந்தாள்.
'நாளைக்கும் இருமு' என்பாளோ என்று பயந்தேன்.
சொல்லவில்லை.
இருமல் மிட்டாய் ஒன்றை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு
நாற்காலி மடிக்கப் போனாள்.

வெளியே மைனஸ் பதினெட்டு.
பனிவண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார் பெனிக்னாவின் அப்பா.
பின்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும்
கையுறையால் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்:
ஏறி இறங்கியதாம்.
ஆரம்பத்திலிருந்தே
எல்லோருக்கும் தெரிந்ததாம்.