மூன்றாவது கொக்கி

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் கைபேசி
ஒருமுறை அதிர்ந்து ஆந்திரம் வரவேற்கும்.
அதற்கு முன்னூறு மீட்டர் இப்பால் எங்கள் மில்.
இரவு ஒன்றரை மணி.
பேரிங் வந்த அட்டைப்பெட்டி மேல் என் மடிக்கணினி.

நூற்றிருபது மில்லிமீட்டர் இரும்புக் கட்டை.
அதன் குறுக்குவெட்டில்
பதின்மூன்றுக்குப் பதின்மூன்று புள்ளி வைத்தேன்.
ஒவ்வொரு புள்ளியும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை
அக்கம்பக்கத்து நாலு வீட்டைக் கேட்கும்:
உங்களுக்கு எவ்வளவு சூடு?
கேட்டுவிட்டுத் தன் சூட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும்.
அவ்வளவுதான்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டு விநாடியை மூன்றாக்கினால் கணக்கு கெடும்.
ஒரு புள்ளி கொதிக்கும், அடுத்தது
உலகத்தில் இல்லாத குளிருக்கு இறங்கும்,
மைனஸ் நாலாயிரம், மைனஸ் ஒன்பது லட்சம்,
பிறகு எண்ணே இல்லை.
அவசரப்படும் எல்லாவற்றையும் போல என்று எழுத வந்தது.
எழுதவில்லை. விடை தப்பு, வேறொன்றுமில்லை.

ஆரம்ப நிபந்தனை எளிது:
யார்டில் மழையில் கிடந்த கட்டை, முப்பத்தொரு டிகிரி.
ஓரத்துப் புள்ளிக்குத்தான் சிக்கல்.
மூன்று பக்கம் இரும்பு, நாலாவது பக்கம் தீ.
தீயைக் கேட்டால் பதில் சொல்லாது.
அது என்ன தரும் என்று நாமே எழுதிக்கொடுக்க வேண்டும்.
எல்லை நிபந்தனை என்று அதற்குப் பெயர்.
மூலைப் புள்ளி பாவம், இரண்டு பக்கமும் தீ.

எழுநூற்று முப்பதைத் தாண்டும்போது
இரும்பு சூட்டை வாங்கிக்கொண்டே
சூடேறாமல் கொஞ்ச நேரம் நிற்கும்.
உள்ளே அணுக்கள் இடம் மாறி உட்காரும் நேரம்.
அதையும் சேர்த்திருந்தேன்.
மேலே பூக்கும் கருஞ்செதிலையும்.

எண்பத்து நாலாம் நிமிடம் நடுப்புள்ளி
ஆயிரத்து நூற்று நாற்பது என்றது கணக்கு.
துளையிட்டு உள்ளே நுழைத்த கம்பி
ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்றது.

நாற்பத்திரண்டு டிகிரி எங்கோ போய்க்கொண்டிருந்தது,
தினமும், டேங்கர் எண்ணெயோடு.

உமிழ்திறனை மாற்றிப் பார்த்தேன்.
செங்கல் சுவரைச் சந்தேகித்தேன்.
கம்பியை.
என் பட்டத்தை.

நாலாம் இரவு எல்லாவற்றையும் திறந்தபடி விட்டு
உலை வாய்க்கு நடந்தேன்.
ஊதுவிசிறி இரைச்சலுக்கு மேல்
ஃபோர்மேன் தணிகாசலம் கத்தினார்:
"மூடு!"
ராப்பூரிலிருந்து வந்து மூன்று வாரமான பெஞ்சலய்யா
சங்கிலியைச் சரசரவென விட்டான்.
கதவு இறங்கியது.
மூன்றாவது கொக்கியில் மாட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினான்.

அடியில் ஒரு சாண் இடைவெளி.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தரையில் கிடந்தது,
பக்கத்தில் போனேன்,
முழங்காலில் சுட்டது என் நாற்பத்திரண்டு.

"ஏன்டா முழுசா இறக்கல?"
அவன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.
மூன்று விரலை உயர்த்தினான்.
"மூடு அன்னாரு காதா?"

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"என் மாமியார் வீடு நாயுடுபேட்டை, மேடம்.
மூடுன்னா மூணுன்னு எனக்குத் தெரியாதா.
கத்தும்போது தோணல."

ஒரு சாண் கதவை நிரலில் எழுதினேன்.
மாறிக்குக் கொக்கி3 என்று பெயர் வைத்தேன்.
மறுபடி எண்பத்து நாலு நிமிடம்,
திரையில் அது ஒன்பது விநாடி.
ஆயிரத்து நூற்றொன்று.

பேப்பர் கப்பில் டீயோடு வந்த பெஞ்சலய்யா
திரையை எட்டிப் பார்த்தான்,
நடுவில் இருண்டு ஓரத்தில் வெளுத்த அந்தச் சதுரத்தை.
"இப்புடு எந்த தேடா, மேடம்?"
மிச்சமிருந்ததை விரலில் காட்டினேன்.

"மூடு," என்றான்.

மூடினேன்.