உறவினர் கையொப்பம்

படிவத்தில் இரண்டு கோடுகள்.
நோயாளி என்ற கோடு என் சுண்டுவிரல் நீளம்.
உறவினர் என்ற கோடு
தாளின் ஓரம்வரை ஓடுகிறது.

ஊட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் யோகராசா.
திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்து,
காதோரம் பனியன் பஞ்சு.
"அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்,
நான் போட்டுத் தரேன்."
பேனாவை நான்தான் நீட்டியிருந்தேன்.

"எதை வெட்டப் போறீங்க?"
ஏழாம் கட்டிலிலிருந்து குரல்,
கதவு சாத்தியிருந்தும்.

அமிர்தவள்ளி.
சேரம்பாடியில் முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தவர்.
விரலெல்லாம் தேயிலைக் கறை.
இடது சுட்டுவிரல் நகத்தில் மட்டும் வேறு கறை,
சித்திரையில் வைத்தது,
ஆடி மழைக்குள் பாதி வளர்ந்து வெட்டுப்பட்டது.
"அன்னிக்கு ஓட்டுப் போடயில
மகன் எங்கன்னு யாரும் கேக்கல சார்."

கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.
மூன்று நாளில் முதல்முறை
அவரைப் பார்த்துச் சொன்னேன்:
சர்க்கரை, ரத்தக்குழாய், சீழ்,
முழங்காலுக்குக் கீழே.

"ரோட்டிலேருந்து எங்க லயத்துக்கு
கீழ அறுபத்து மூணு படி. கைப்பிடி கெடையாது.
கக்கூசு வெளிய.
ராத்திரி ஆனை வந்தா
ஒத்தக் கால்ல எந்தப் பக்கம் ஓட?"

நான் படித்த புத்தகத்தில் ஆனை இல்லை.

"எடுக்கலன்னா?"
செத்துப்போவீங்க. மூணு வாரம், குறையலாம்.
"வலிக்குமா?"
வலிக்கு மருந்து இருக்கு.
"அப்ப அத எழுதுங்க."

யோகராசா கத்தினான், அழுதான்,
அதுக்கு என்ன தெரியும் என்றான்.
பெரிய டாக்டர் மனநல மருத்துவரை அனுப்பினார்.
அவர் இன்று என்ன கிழமை என்று கேட்க,
வெள்ளி, சாயங்காலம் உங்களுக்கு ஊருக்குப் போகணும்,
பையோட வந்திருக்கீங்க, என்றாராம்.
தெளிவாக இருக்கிறார்
என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுக்கிறேன் என்பதற்கு
அச்சடித்த தாள் எங்களிடம் இல்லை.
வெள்ளைத் தாளில் அவர் சொன்னபடியே எழுதினேன்,
படி, கக்கூசு, ஆனை உட்பட.
பெருவிரல் வேண்டாம், கையெழுத்து வரும் என்றார்.
வந்தது. நேரம் எடுத்து.

அவர் செய்தது தவறு
என்றே இன்றும் நினைக்கிறேன்.
செயற்கைக் கால் கிடைத்திருக்கும்.
மகனோடு கீழே போயிருக்கலாம்.
இதையெல்லாமும் அவரிடம் சொன்னேன்,
ஒருமுறை அல்ல.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு
நடுவட்டம் மூடுபனி இறங்கிச் சேரம்பாடி போனேன்.
எதற்கென்று தெரியாது.
அறுபத்தொன்றுதான் வந்தது எண்ணிக்கை.
இரண்டு படி மண்ணுக்குள் போயிருக்கும்.
ஏறும்போது எண்ணவில்லை,
பிடித்துக்கொள்ள எதுவுமில்லை,
மழை வேறு.