வலமிருந்து

இருபத்தாறாம் தெருவில்
யூதக் கோயிலுக்கு எதிரே பெயின்ட் கடை. நான் கணக்கெழுதுகிறவன்.
இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசல்
எனக்கு வெறும் அடையாளம்:
'அதைத் தாண்டி மூணாவது கடை, வாங்க.'

பன்சோடான் நடைபாதையில்
மழையில் நனைந்து உப்பிய எபிரெய அகராதியை
நாலாயிரம் சாட்டுக்கு வாங்கினேன்.
சத்தியமாக, வாதாடி ஜெயிக்கத்தான்.
அவர்கள் ஏட்டிலிருந்தே அவர்கள் மேசியாவைக் காட்டிவிடலாம் என்று.
யாரிடம் காட்டுவது என்று யோசிக்கவில்லை.
அந்த வாசலில் ஆள் நுழைந்து பார்த்தே மாதமாகியிருந்தது.

கரன்ட் போன ராத்திரிகளில்
வலமிருந்து இடமாக, எழுத்துக்கூட்டி,
புள்ளிக்குப் பென்சிலும் கோட்டுக்கு விரலுமாக.
தொற்காள் கேட்பாள்:
"கணக்குல ஏதும் துண்டு விழுதா?"

விழுந்தது. ஏசாயா ஏழில்.
நாங்கள் கன்னிகை என்று வாசிக்கிற இடத்தில்
அல்மா என்றிருந்தது.
இளம்பெண். அவ்வளவுதான்.
கன்னிக்கு வேறு சொல் வைத்திருக்கிற மொழி அது.
தீர்க்கதரிசிக்குத் தெரியாமலா போயிற்று?

மேலே படித்தேன்.
இரண்டு ராஜாக்கள் படையோடு வருகிறார்கள்.
ஆகாஸ் நடுங்குகிறான்.
அடையாளம் அவனுக்கு:
பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியுமுன்னே பயம் தீரும் என்று.
கூரையில் தீப்பிடித்தவனிடம்
எழுநூறு வருஷம் கழித்துத் தண்ணீர் வண்டி வரும் என்று
யாராவது சொல்வார்களா?

பிறகு அந்த இருபத்திரண்டாம் சங்கீதம்.
ஓர் எழுத்தின் கால் நீண்டால், குத்தினார்கள்.
குட்டையாய் நின்றுவிட்டால், சிங்கம்போல.
வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடினாலே
டின்னைத் திருப்பி அனுப்புகிறவன் நான்.
இதை எங்கே திருப்பி அனுப்ப?

போதகர் ஞானசிகாமணி பொறுமையாகக் கேட்டார்.
"நிழல் கோணலாயிருக்குன்னு
ஆளைச் சந்தேகப்படாதீங்க."
நல்ல பதில்.
பஸ்ஸை விட்டு இறங்கும்வரை தாங்கியது.

எங்கள் மகனுக்கு
இம்மானுவேல் என்று வைத்திருந்தோம்.
ஒன்பது வயதில் டெங்கு.
யேவே கல்லறையில் சிமென்ட் சிலுவை.
டிசம்பர் பிறந்தால் ஒரு கோட் வெள்ளை,
கடையில் எனக்குப் பாதி விலை.
இந்த வருஷம் பிரஷ் குறுக்குக் கட்டையில் நின்றுவிட்டது.
ஏட்டைத்தான் சந்தேகப்படுகிறேன் என்று
அதுவரை எண்ணியிருந்தேன்.
கறுப்பு எறும்பு ஒன்று ஈரப் பெயின்டில் மாட்டியது.
எடுத்துவிட்டேன். கால் ஒன்று வரவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிப்பு என் முறை.
அந்தச் சொல் வந்தது.
நின்றேன்.
ஜெனரேட்டர் உறுமல், எங்கேயோ ஒரு பிள்ளையின் இருமல்.
அச்சிட்டிருந்தபடியே வாசித்து முடித்தேன்.
எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நானும்.

ராத்திரி பிரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே
தொற்காள் கேட்டாள்:
"எந்த வார்த்தையில நின்னீங்க?"

சொன்னேன். சிங்கம்வரைக்கும் எல்லாம்.
அழுவாள் என்று நினைத்தேன்,
இல்லாவிட்டால் போதகருக்குப் போன் போடுவாள் என்று.

நுரைக் கையோடு திரும்பினாள்.
"இளம்பெண்ணுன்னா எத்தனை வயசு?"

"எழுதலை."

"அவனைப் பெத்தப்போ எனக்குப் பத்தொம்பது."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
அவளும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளை என்ன ஆனான்?
உங்க ஏசாயாவுல வர்றவன்."

புத்தகத்தை எடுத்துவந்து புரட்டினேன்.
தயிரும் தேனும் சாப்பிடுவான் என்றிருக்கிறது.
அடுத்த அதிகாரத்தில் பேர் இரண்டு தரம் வருகிறது.
வளர்ந்தான் என்றில்லை.
காய்ச்சல் வந்தது என்றும் இல்லை.

"சரியாப் பாருங்க" என்றாள்,
சட்டியைக் கவிழ்த்து வைத்து,
கைத்துண்டு தேடாமல்
சேலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு
பக்கத்தில் வந்து உட்கார்ந்து.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அவள் விரல்
இடப்பக்கத்திலிருந்து வருகிறது.