ஒன்பது இருபத்தொன்பது

எங்கள் வலயத்துக்கு இன்றைக்கு
ஆறரை தொடக்கம் ஒன்பதரை.
ஒழுங்கை முழுக்கத் திட்டிக்கொண்டு
மெழுகுதிரி தேடுகிறது.
நான் நாலு பற்றரி போட்டுக்கொண்டு
மொட்டைமாடிக்கு ஏறுகிறேன்.
லிஃப்ட் இல்லை. ஆறு மாடி.

யாருக்கும் சொன்னதில்லை,
எனக்கு மின்வெட்டு பிடிக்கும்.
இரண்டாம் மாடி சுகந்தமலரின் இன்சுலின்
ஐஸ் போட்ட பிளாஸ்க்குக்குள் கிடக்கும்போது
இதை எப்படிச் சொல்வது.

ஆனால் மற்ற இரவுகளில்
ரேடியோவுக்குள் வெள்ளவத்தை இரைவதை
நீங்கள் கேட்டதில்லை.
பல்பு ஒவ்வொன்றும் ஒரு சில்வண்டு.
நாலாம் மாடி விதானகேயின் ஏ.சி.
இரவிரவாகப் பலகை அரியும்.
லிஃப்ட் ஒருதரம் அசைந்தால்
ஆபிரிக்கா காணாமல் போகும்.

ஆறு முப்பத்திரண்டு. டக்.
நகரத்தின் மேலிருந்து ஒரு தார்ப்பாயை
யாரோ உருவி எடுத்தார்கள்.
கடல் கேட்டது முதலில்,
பிறகு பாணந்துறை ரயில்,
பிறகு, முள்ளை மயிரிழை நகர்த்த,
எங்கோ ஒருவர்
தொண்டையைச் செருமும் சத்தம்.

தண்ணீர்த் தாங்கியிலிருந்து லிஃப்ட் அறைவரை
பன்னிரண்டு மீற்றர் செப்புக் கம்பி.
மூன்றாம் மாடி ஸிஹானா
பிள்ளைத் துணி காயப் போட்டிருக்கிறாள்.
"கொடி கட்டினது நல்ல உதவி" என்றாள் ஒருநாள்.
நான் மறுக்கவில்லை.
இரண்டு நப்கினுக்கு நடுவால்
மடகாஸ்கர் வரத்தான் செய்கிறது.

இதே கம்பிக்காக
யுத்த காலத்தில் பொலிஸ் வந்தது.
யாரோடு பேசுகிறாய்?
இது பேசாது, ஐயா, கேட்கும் என்றேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
யாரை?
அதற்கு எந்த மொழியிலும்
என்னிடம் பதில் இருக்கவில்லை.
குறிப்புக் கொப்பியைப் புரட்டினார்கள்:
தேதி, நேரம், ஐந்து ஐந்தாக இலக்கங்கள்.
எவ்வளவு தெளிவு, எவ்வளவு இரைச்சல் என்று
நான் விளக்க விளக்க
அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள், என்னையல்ல,
ரேடியோவையும் கொப்பியையும்.
திரும்பி வந்தபோது
கொப்பியின் அட்டையில் தேநீர் வளையம்.
புதுப் பற்றரி நாலும் செத்திருந்தன.
முள், நான் ஒருபோதும் வைக்காத ஓரிடத்தில்
நின்றது.

அசைக்காமல் பற்றரி மாற்றிக் கேட்டேன்.
பகல். வெறும் இரைச்சல்.
யாருடைய இரவுக் காவலில்
யாருடைய விரல் அங்கே நின்றதோ.
அந்த இடத்துக்குப் பென்சிலால்
ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தேன்.
எந்த இரவையும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

இன்றைக்கு அங்கே ஒரு பெண்.
மொழி பிடிபடவில்லை.
அவசரமில்லாத குரல்,
விலைப்பட்டியலோ வானிலையோ
செத்தவர்களின் பெயர்களோ வாசிக்கிறாள்.
அலை எழும்பும், தாழும்,
ஒரு சொல் முழுதாக வரும்,
அடுத்ததை உப்புத் தின்றுவிடும்.
காது கன்னத்தோடு ஒட்டிப்போக
இரண்டு மணித்தியாலம் இருந்தேன்.

நிலையத்தின் பெயரை முழுமணிக்குச் சொல்வார்கள்.
உலகத்தின் முழுமணி
எங்களுக்கு அரைமணி,
ஆக, ஒன்பதரைக்கு.
ஒன்பது இருபத்தெட்டுக்கு இசை நின்றது.
அவள் மூச்சு இழுத்தாள்.

வாழ்நாளில் ஒருமுறை
மின்சார சபை
நேரத்துக்கு முன் வந்தது.

ஒழுங்கை முழுக்க "ஆஆ" என்று சந்தோஷம்.
ஸிஹானாவின் குழந்தை கைதட்டியிருக்கும்.
சுகந்தமலரின் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியிருக்கும்,
நல்லது, நல்லதுதான்.
சில்வண்டுகள். பலகை அரிதல்.
அவள் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள்
அதற்கு அடியில்.

கொப்பியில் எழுதினேன்:
பெண் குரல். தெளிவு இரண்டு.
பெயர் சொன்னாள். கேட்கவில்லை.

லிஃப்ட் வேலைசெய்தது.
கதவு திறந்து, வெளிச்சத்தோடு காத்துநின்றது.
நான் படியால் இறங்கினேன்,
இந்த ஒழுங்கையில் இன்னும் யாராவது
கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று.