ஞகரப் பஞ்சம்

அஞ்சுகத்துக்கு வயது பதிமூன்று.
ஐம்பத்தொன்பதிலும் பதிமூன்று,
போன வருடம் வந்த நூற்றுப் பதினேழாம் புத்தகத்திலும்
அதே பதிமூன்று.

முதல் அட்டையில் பாவாடை தாவணி,
கையில் டார்ச் லைட், முன்னால் அண்ணன்.
"நீ வெளியே நில், நான் பார்த்து வருகிறேன்"
என்கிறான் ஒன்பதாம் அத்தியாயத்தில்.
நிற்கிறாள், பினாங்கு ஸ்திரீட் அஞ்சடியில்,
கொசுக்கடியில்.
கடத்தல்காரன் அவள் பக்கமே ஓடி வந்ததால்
காலை நீட்டுகிறாள்.
மறுநாள் பத்திரிகையில் அண்ணன் படம்.

பிறகு பெல்பாட்டம்.
பட்டாணி என்றொரு நாய் வந்தது,
பன்னிரண்டு புத்தகம் குரைத்தது,
காணாமல் போனது.
அந்த வழக்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை.
பிறகு பேஜர், கைப்பேசி, கொடிமலை உச்சியில் டிரோன்.
இடையில் ஒரு முதலாளி பெயரைச் சுருக்கி
அட்டையில் 'அஞ்சு' என்று போட்டார்.
பயப்படு என்றல்லவா அர்த்தம் வருகிறது என்றேன்.
ஐந்து என்றும் வரும் என்றார்.
மூன்று புத்தகம் அப்படியே போயிற்று.

எழுதியவர், எல்லா அட்டையிலும், புயல்வேலன்.
அப்படி ஒருவர் இல்லை.
நான் ஆறாவது புயல்வேலன்.
பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு,
இரவில் ரத்தம் வராத குற்றங்கள்.

மறுபதிப்புக்காகப் பழைய பிரதிகளைத் தட்டச்சு செய்தேன்.
இருபத்துமூன்றாம் புத்தகத்தில் அவள் மாறுகிறாள்.
அண்ணனுக்குக் கோலாலம்பூரில் வேலை, ஒரே வரியில்.
படகுத்துறையில் ஒருவன் செருப்பைப் பார்த்து
இவன் பட்டர்வொர்த்திலிருந்து வரவில்லை என்கிறாள்.
பசித்தால் பசிக்கிறது என்கிறாள்.
முப்பத்தொன்றில் சுவரேற மறுக்கிறாள்:
"இன்றைக்கு வேண்டாம், வயிற்று வலி."
எந்த வேலன் எழுதுவான் இதை?

விரல்தான் முதலில் கண்டுபிடித்தது.
ஒரு விசை சும்மாவே கிடந்தது.
அஞ்சுகம் என்று முதல் பக்கத்தில் ஒரு தடவை,
அப்புறம் அவள், அவள், அவள்.
கொஞ்சம் என்ற சொல்லே இல்லை, எங்கும் சிறிது.
மஞ்சள் சட்டைக்காரன்
எலுமிச்சை நிறச் சட்டைக்காரன்.
இருட்டு மாடிப்படியில்கூட
யாருக்கும் நெஞ்சு படபடக்கவில்லை,
மார்புதான்.

எழுதுகிறவனுக்கு எழுத்து தீராது.
மரப்பெட்டிக் குழிக்குள் விரல் விட்டுத் துழாவி
ஞ் தீர்ந்துபோய்
பாதி வரியோடு நின்ற ஆளுக்குத்தான் தெரியும்,
எதை எண்ணிச் செலவழிப்பதென்று.

கிங் ஸ்திரீட் அச்சகம் இப்போது தங்கும் விடுதி.
ஈய எழுத்துகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு
வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறார்கள்.
சம்பளப் புத்தகம் முதலாளி மகனிடம் இருந்தது.
மரியபுஷ்பம், அச்சுக்கோப்பு, எண்பது வெள்ளி.
கீழே வேறு மையில்: கூடுதல் வேலை, நாற்பது.
என்ன வேலை என்று இல்லை.
பத்தொன்பது தடவை.
இருபத்துமூன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை
எண்ணிப் பாருங்கள்.

சுங்கை பட்டாணியில் இருந்தார் என்றார் ஒருவர்.
அது வேறு மரியபுஷ்பம் என்றார் இன்னொருவர்.
அதற்கு மேல் எனக்குத் துப்பில்லை.
நாற்பத்திரண்டில் அண்ணன் விடுமுறைக்கு வருகிறான்.
"நீ வெளியே நில்."
நிற்கிறாள்.

இன்றிரவு நூற்றுப் பதினெட்டு.
கணினியில் ஞகரத்துக்குக் கணக்கில்லை.
முதல் வரி அடித்துவிட்டேன்:
மஞ்சள் வெயில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.
நெஞ்சை நிமிர்த்தி, அஞ்சுகம்
அஞ்சாமல் உள்ளே போனாள்.

எதுகை தூக்கலாக இருக்கிறது என்று
பதிப்பாசிரியர் வெட்டுவார்.
வெட்டட்டும்.
திரும்பப் போடுவேன்.