அரிதட்டும் அடாப்டரும்

மடிக்கணினிக்குள் வைஃபை இருக்கிறது.
இருந்தும் இல்லை.
அதை எழுப்ப ஒரு கோப்பு வேண்டுமாம்,
அந்தக் கோப்பை இறக்க வைஃபை வேண்டுமாம்.
தோட்டத்து ஆபீசில் இதே வட்டத்தை நான் சுற்றியிருக்கிறேன்:
அடையாள அட்டைக்கு விலாசம்,
விலாசத்துக்கு ஒரு கடிதம்,
கடிதத்துக்கு முதலில் அடையாள அட்டை.

ஆகவே ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.
இஹ்சான் நானா கண்ணாடி அலமாரிக்குள் கைவிட்டு
கட்டைவிரல் அளவில் ஒன்றை எடுத்தார்.
"இது லினக்ஸோட சண்டை போடாது தங்கச்சி.
போட்டா கொண்டு வாங்க, மாத்தித் தாறேன்."
ஆயிரத்து எண்ணூறு.
திரும்பி வரும் பஸ்ஸுக்குப் போக
ஒரு பாணுக்கு மிச்சம் இருந்தது.

இரவு எட்டரை. தகரத்தில் மழை.
நிறுவி முதலில் மொழி கேட்டது. தமிழ்.
பிறகு நாடு கேட்டது.
மேலே இந்தியா, கீழே இலங்கை.
இந்த இரண்டில் ஒன்றுக்காக
எங்கள் ஆட்கள் ஒரு காலம் வரிசையில் நின்றார்கள்,
பாதிப் பேர் ரயிலேறி, கப்பலேறிப் போனார்கள்.
நான் கீழ் அம்பை ஒரு தடவை அமுக்கி
எண்டரைத் தட்டினேன்.
யாரும் கையொப்பம் கேட்கவில்லை.

அடாப்டரைச் செருகினேன்.
நீலமாய் ஒரு சிமிட்டல்.
இயந்திரம் அதற்குப் பதினைந்து எழுத்தில் பெயர் வைத்தது,
நடுவில் எண்கள், வாயில் நுழையாது,
என் பிறப்புப் பத்திரத்தில்
அப்பா பெயரைக் கிளார்க் எழுதியிருக்கிற மாதிரி.

தேடியதில் அகப்பட்டது ஒன்றே ஒன்று:
கீழ் லயத்துக்கும் கீழே ஸ்டெல்லா டீச்சர் வீட்டு ரவுட்டர்.
ஒரு கோடு. பனி ஏறினால் அதுவும் இல்லை.
நீட்டு வயரில் அடாப்டரை ஜன்னலுக்கு இழுத்தேன்,
பின்னால் மா அரிதட்டை நிமிர்த்தினேன்,
கம்பி வலை பள்ளத்தைப் பார்க்க.
இரண்டு கோடு.
கொஞ்சம் இடப்பக்கம். மூன்று!
"அப்ப ரொட்டிக்கு மாவ எதுல அரிக்கிறது?" என்றார் அம்மா.

கடவுச்சொல்லைப் போனில் சொல்ல மாட்டேன் என்று
டீச்சரே குடையோடு ஏறி வந்தார்.
இஸ்தோப்பில் நின்று காலில் கடித்திருந்த அட்டையை
உப்பு வாங்கி உதிர்த்தார்.
"அங்கிட்டுத் திரும்பு" என்றார்.
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

இரவில் ஜன்னல் ஒரு கண்ணாடி.
இடக்கையால் விசைகளை மூடி
வலக்கையின் ஒரு விரலால் அவர் தட்டத் தட்ட,
நட்சத்திரங்கள் விழ வேண்டிய இடத்தில்
எழுத்துகள் அப்படியே விழுந்தன.
இந்த நிறுவி எதையும் மறைப்பதில்லை.
இடம் வலம் மாறி வந்தது ஓர் ஆணின் பெயர்.
எங்கள் டிவிஷனில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

ஐந்தாம் எழுத்தில் அவரும் கண்டுவிட்டார். விரல் நின்றது.
"இது மறைக்காதா?"
"மறைக்காது டீச்சர்."
மழையைக் கொஞ்ச நேரம் கேட்டார்.
மிச்ச எழுத்துகளையும் தட்டினார்,
ஒரு வருடத்தையும்.
நான் அப்போது நாலாம் வகுப்பு.
அவரிடம்தான் படித்தேன்.
அந்த வருடம் ஒரு தவணை முழுக்க அவர் வரவில்லை.

பொதிகள் ஒன்றொன்றாக இறங்கின.
சீனி போடாத சாயத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு
அறுபத்தொரு சதவீதம் வரை கூட இருந்தார்.
எதையும் பேசவில்லை. அரிதட்டைப் பார்த்து
ஒரு தடவை சிரித்தார்.

மறுநாள் ஏதோ தேடி ஒரு கோப்பைத் திறந்தேன்.
நிறுவி அங்கே எழுதி வைத்திருந்தது,
பெயரும் வருடமும், ஒரு வரியில்.
அழிக்க ஒரு விசை போதும்.
அழித்தால் பாதையும் போய்விடும்.
மூடினேன்.

இப்போது காலையில் திறந்ததும் என் கணினி
சத்தமில்லாமல் பள்ளத்துக்கு அந்தப் பெயரைச் சொல்கிறது,
அங்கே ஒரு கதவு திறக்கிறது.
ரொட்டி நேரத்தில் அம்மா அரிதட்டை எடுத்துப் போவார்.
ஒரு கோடு குறையும்.
மா ஒட்டியபடி திரும்பி வரும்.